ஆறு இருக்கிறது, துறை இல்லை

டெக்சாஸுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவே ஓடும் ரியோ கிராண்டே கரையில் பாலைவனத்து ஊர்களும் அவற்றின் இடிபாடுகளும்

டெக்சாஸ் மாநிலத்தின் 170-ஆம் எண் சாலை ஆற்றை ஒட்டியே வடமேற்காகப் போய், கேண்டலேரியா என்ற ஊரில் தார் தீர்ந்து நின்றுவிடுகிறது. நூறு பேர்கூட இல்லாத ஊர். வீடுகளுக்குப் பின்னால் நாணற்புதர், அதன் பின்னால் ரியோ கிராண்டே, அக்கரையில் மெக்சிகோவின் சான் அந்தோனியோ தெல் பிராவோ. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் இரண்டும். நடுவில் ஆள் மட்டும் நடந்து போக ஒரு சின்னப் பாலம் இருந்தது. 2008-இல் அமெரிக்க எல்லைக் காவல் படை அதைப் பிரித்து எடுத்துவிட்டது. அக்கரையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு இப்போது சட்டப்படி போக வேண்டுமானால் 77 கிலோமீட்டர் கீழே பிரெசிடியோவுக்குப் போய், பாலம் தாண்டி ஓஹினாகாவில் இறங்கி, அந்தப் பக்கத்துப் பாதையில் மறுபடி மேலே ஏறி வர வேண்டும். கல்லெறிந்தால் விழும் தூரத்துக்கு இந்தச் சுற்று.

பாலைவனத்தில் இடிந்த ஊரைப் பார்த்தால் காலம் செய்த வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்தக் கரையில் அப்படிச் சொல்ல முடியாது. மழை ஆண்டுக்கு 25 செ.மீ. அளவில்தான். மரம் சீக்கிரம் உளுக்காது, இரும்பு துருப்பிடிக்க அவசரப்படாது. இங்கே ஒவ்வொரு இடிபாட்டுக்கும் ஒரு தேதி இருக்கிறது. பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு கையெழுத்தோ, ஒரு துப்பாக்கியோ, சந்தை விலையோ இருக்கிறது. கேண்டலேரியாவிலிருந்து கீழே லா லிண்டா வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றோடு போனால் அந்தத் தேதிகள் வரிசையாக வரும்.

முதல் தேதி ஆற்றுக்கே உரியது. ரியோ கிராண்டே கொலராடோ மலைகளில் பிறந்து சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். 1916-இல் நியூ மெக்சிகோவில் எலிஃபண்ட் பியூட் அணை எழும்பிய பிறகு, அந்தத் தண்ணீர் எல் பாஸோ சுற்றுவட்டார வயல்களோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பிரெசிடியோ வரைக்கும் உள்ள பகுதியை நீரியல் அறிஞர்கள் ‘மறக்கப்பட்ட பகுதி’ என்றே அழைக்கிறார்கள். பல மாதங்கள் அங்கே ஓடுவது ஆறா, வாய்க்காலா என்று சந்தேகம் வரும். பிரெசிடியோவில் மெக்சிகோவிலிருந்து கோஞ்சோஸ் வந்து கலந்த பிறகுதான் ஆற்றுக்கு மறுபடி உயிர். ஆக, டெக்சாஸின் புகழ்பெற்ற செங்குத்துப் பள்ளத்தாக்குகளுக்குள் படகு விடுகிறவர்கள் மிதப்பது பெரும்பாலும் சிவாவா மாநில மலைகளில் பெய்த மழையின் மேல். 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோ தன் கிளையாறுகளிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 43 கோடி கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 15 டி.எம்.சி., ஐந்தாண்டுத் தவணையில் அமெரிக்காவுக்குத் தர வேண்டும். 2020 செப்டம்பரில் அந்தத் தவணைக்காகத் தண்ணீரைத் திறக்கக் கூடாது என்று சிவாவா விவசாயிகள் லா போகியா அணையையே கைப்பற்றிக்கொண்டார்கள். காவிரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

போர்வெனிர்

கேண்டலேரியாவுக்கும் மேலே, தார்ச்சாலை போகாத இடத்தில், போர்வெனிர் என்றொரு ஊர் இருந்தது. ஸ்பானிய மொழியில் ‘வருங்காலம்’ என்று அர்த்தம். சிறு விவசாயிகள் ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். மெக்சிகோவில் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். 1917 கிறிஸ்துமஸ் அன்று எல்லையோரத்தில் பிரைட் என்பவரின் பெரிய பண்ணை கொள்ளையடிக்கப்பட்டது. போர்வெனிர்க்காரர்களுக்கு அதில் தொடர்பு இருந்ததாக ஒருவரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம் கழித்து, 1918 ஜனவரி 28 இரவு, டெக்சாஸ் ரேஞ்சர் படையின் பி பிரிவும் உள்ளூர்ப் பண்ணையாளர் சிலரும் ராணுவக் குதிரைப் படையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தார்கள். ஆண்களையும் சிறுவர்களையும் எழுப்பி, பக்கத்துப் பாறை மேட்டுக்கு நடத்திப் போய், 15 பேரைச் சுட்டார்கள். இளையவனுக்கு 16 வயது, மூத்தவருக்கு 72.

மிச்சமிருந்த சுமார் 140 பேரும் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்குப் போய்விட்டார்கள். ஊர் அதோடு முடிந்தது. வீடுகளை ராணுவம் தரைமட்டமாக்கியது. இறந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்தவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஹாரி வாரன். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். பி பிரிவு கலைக்கப்பட்டது, அதன் தலைவர் பதவி விலகினார், ஒருவர்மீதும் கொலை வழக்கு நடக்கவில்லை. மறு ஆண்டு சட்டமன்ற உறுப்பினர் ஹோசே கனாலஸ் ரேஞ்சர்களின் அட்டூழியங்கள் பற்றி விசாரணை கோரினார். அந்த விசாரணையின் பதிவுகள் 1970கள் வரை காப்பகத்தில் பூட்டிக் கிடந்தன. கொலை நடந்த இடத்தில் 2015-இல் தொல்லியலாளர்கள் தேடியபோது ராணுவத் துப்பாக்கிகளுக்கு உரிய தோட்டாக்கள் கிடைத்தன. அதுவரை ராணுவம் வெறும் பார்வையாளர் என்றே சொல்லப்பட்டு வந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடையாது, நிலமும் தனியார் பண்ணைக்குள். 2018-இல் மாநில அரசு வைத்த நினைவுப் பலகைகூட வெகு தூரம் தள்ளி, மார்ஃபாவுக்கு மேற்கே நெடுஞ்சாலை ஓரத்தில்தான் நிற்கிறது. இந்தப் பயணத்தில் பார்க்க முடியாத இடம் இதுதான். மற்ற இடங்களைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

மண் சுவரின் கணக்கு

கேண்டலேரியாவிலிருந்து கீழே 20 கிலோமீட்டரில் ருயிதோசா. சாலையோரம் நிற்கும் திருஇருதயத் தேவாலயம் 1914, 1915-இல் ஊரார் எழுப்பியது. பச்சைச் செங்கல்லால் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். மண் கல்லை நேராக அடுக்குவது எவருக்கும் வரும். வளைவாக நிறுத்துவதற்குக் கைத்திறன் வேண்டும்.

இந்த வட்டாரத்து வீடுகள் எல்லாமே இந்தக் கல்தான், அடோபி என்பார்கள். ஆற்றுக் களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் குழைத்து மரச்சட்டத்தில் அடித்து வெயிலில் காயவைத்தால் ஒரு கல், சுமார் 15 கிலோ. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மேலே ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரத்து உத்திரங்கள், அதன்மேல் நாணலோ, ஒக்கோட்டியோ என்ற முட்செடியின் குச்சிகளோ வரிச்சு, அதன்மேல் மண். அரை மீட்டர் கனத்துச் சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில்தான் உள்ளே விடும். கோடையில் 40 பாகையை அலட்சியமாகத் தாண்டும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அடோபி வீட்டுக்கு ஆள் வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல வருடாவருடம் மண் பூச வேண்டும், கூரையில் ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும். ஆள் போய்விட்டால் முதலில் கூரை இறங்கும். பிறகு சுவரின் தலை கரையும்; அடிப்பாகத்தில் ஈரமும் உப்பும் ஏறி இடுப்பு மெலியும்; ஒரு நாள் மொத்தமாகச் சாயும். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே போவதால் குப்பைகூட மிஞ்சாது. இருபதாம் நூற்றாண்டில் பலர் நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசினார்கள். அது இன்னும் மோசம்: உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் பூச்சுக்குப் பின்னால் கரையும், வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரமாக நிற்கும். ருயிதோசா தேவாலயமும் நெடுங்காலம் கூரையில்லாமல் நின்றது. சில ஆண்டுகளாக ஓர் ஆர்வலர் குழு மண்ணையே கொண்டு அதைப் பழுதுபார்த்து வருகிறது. புதுக் கல்லும் அடோபியேதான்.

பிரெசிடியோவுக்கு அருகே அடோபியின் பெரிய அளவைப் பார்க்கலாம்: லீட்டன் கோட்டை. பெயர்தான் கோட்டை, கட்டியது அரசன் இல்லை, வியாபாரி. பென் லீட்டன் ஒரு காலத்தில் அப்பாச்சி மக்களின் தலைத்தோலைக் கொய்து விற்றுக் காசு பார்த்தவன். ஆறு எல்லையாக மாறிய 1848-இலேயே இங்கே வந்து, உள்ளூர்க்காரர்களின் நிலத்தைச் சந்தேகமான பத்திரத்தில் எழுதி வாங்கி, முற்றத்தைச் சுற்றி நாற்பது அறைகளுக்கு மேல் எழுப்பினான். துப்பாக்கி கொடுத்துத் திருட்டு மாடு வாங்குகிறான் என்று மெக்சிகோ அதிகாரிகள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். 1851-இல் அவன் செத்தான். விதவை ஹுவானா பெட்ராசா, எட்வர்ட் ஹாலை மணந்தாள், அந்த ஹால், பர்ஜஸ் என்பவனிடம் கடன்பட்டான், பிறகு கொல்லப்பட்டான், கோட்டை பர்ஜஸ் கைக்குப் போனது, 1875-இல் லீட்டனின் மகன் பர்ஜஸைச் சுட்டான். நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் இதைவிடச் சாதுவான கதைகளே கிடைக்கும். இன்று மாநில அரசு பராமரிக்கிறது. குளிர்ந்த, அழகான கட்டடம்.

பிரெசிடியோவுக்கு வடக்கே மலைப்பக்கம் ஷாஃப்டர் என்ற வெள்ளிச் சுரங்க ஊரும் இடிந்து கிடக்கிறது, 1942-இல் மூடியது. ஆற்றிலிருந்து விலகிய இடம் என்பதால் விட்டுவிட்டுக் கீழே போகலாம்.

ஒரு நூலகமும் ஓர் ஆட்டுக்காரனும்

பிரெசிடியோவிலிருந்து லஹிடாஸ் வரை 80 கிலோமீட்டர். அமெரிக்காவின் அழகான சாலைகளில் ஒன்று என்று சொல்வார்கள், மிகையில்லை. எரிமலைப் பாறைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஏறி இறங்கும். ஓரிடத்தில் ஏற்றம் நூற்றுக்கு 15. பழைய வண்டிகளுக்கு மூச்சு வாங்கும்.

வழியில் ரெட்ஃபோர்ட். பழைய பெயர் எல் போல்வோ, ‘புழுதி’. ஓய்வுபெற்ற ஆசிரியை லூசியா மாட்ரிட் தன் குடும்ப மளிகைக் கடையிலேயே நூலகம் வைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். அக்கரைப் பிள்ளைகளும் ஆற்றைக் கடந்து வந்து எடுத்துப் போவார்கள், படித்துவிட்டு மறுபடி கடந்து வந்து கொடுப்பார்கள். கடவுச்சீட்டு கேட்காத நூலகம். வெள்ளை மாளிகை வரை அவர் பெயர் போய் விருதும் வந்தது.

அதே ஊரில் 1997 மே 20 அன்று மாலை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எஸெகியேல் எர்னாண்டஸ் என்ற 18 வயது பள்ளி மாணவனை அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்க உடம்பெல்லாம் தழை போர்த்துப் புதருக்குள் ஒளிந்திருந்த நால்வர் குழு அது. பையனிடம் ஆட்டைக் காப்பாற்ற ஒரு பழைய சிறு துப்பாக்கி இருந்தது. அவன் தங்களை நோக்கிச் சுட்டதாக அவர்கள் சொன்னார்கள். புதருக்குள் மனிதர்கள் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது என்கிறார்கள் ஊரார். வழக்கு விசாரணைக்கே போகவில்லை. எல்லையில் ஆயுதத்தோடு ராணுவம் ஒளிந்து காவல் காப்பது மட்டும் அப்போதைக்கு நிறுத்தப்பட்டது. டாமி லீ ஜோன்ஸ் 2005-இல் எடுத்த ‘த த்ரீ பரியல்ஸ் ஆஃப் மெல்கியாடஸ் எஸ்ட்ராடா’ படத்துக்கு இந்தச் சாவுதான் தூண்டுதல்.

சினிமா என்றதும் இன்னொன்று. லஹிடாஸுக்குச் சற்று மேலே கொன்ட்ரபாண்டோ என்ற இடத்தில் அழகான அடோபி ஊர் ஒன்று நெடுநாள் நின்றது. படம் எடுக்காத பயணி கிடையாது. 1985-இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் போட்ட செட் அது. நிஜ அடோபி ஊர்களுக்குக் கிடைக்காத கவனம் அதற்குக் கிடைத்தது. 2008-இல் கோஞ்சோஸ் பெருவெள்ளத்தில் அடிபட்டு, பின்னர் பெரும்பகுதி அகற்றப்பட்டது. லஹிடாஸில் பீர் குடிக்கும் ஆடு ஒன்று ‘மேயர்’ ஆனதைப் பற்றி எல்லாப் பயண நூலும் பக்கம் பக்கமாக எழுதும். இங்கே ஒரு வரி போதும்.

பாதரசம்

டெர்லிங்குவா ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. இடிபாடுகள் இங்கே கல்லால் ஆனவை, அதனால் அடோபிபோலக் கரைந்து போகவில்லை. கூரையில்லாத குட்டிக் குட்டிக் கல் வீடுகள் சரிவு முழுக்க நிற்கின்றன. 1903-இல் சிகாகோ முதலாளி ஹோவர்ட் பெர்ரி சிசோஸ் சுரங்கக் கம்பெனியைத் தொடங்கினார். எடுத்தது சாதிலிங்கம், அதாவது பாதரசத்தின் தாது. நொறுக்கி உலையில் இட்டால் பாதரசம் ஆவியாகும். குழாய்களில் குளிரவைத்தால் சொட்டும். 76 பவுண்டு, ஏறத்தாழ 34 கிலோ பிடிக்கும் இரும்புக் குப்பிகளில் அடைத்து வண்டியேற்றுவார்கள். முதல் உலகப் போரில் வெடிகுண்டுகளின் திரிமருந்துக்குப் பாதரசம் தேவைப்பட்டது, விலை ஏறியது, டெர்லிங்குவா கொழித்தது. 1922 வாக்கில் அமெரிக்கா எடுத்த பாதரசத்தில் நூற்றுக்கு 40 பங்கு இந்த வட்டாரத்தில்தான் கிடைத்தது.

தோண்டியவர்கள் அக்கரையிலிருந்து வந்த மெக்சிகோக்காரர்கள். கூலி நாளுக்கு ஒன்று, ஒன்றரை டாலர். அதையும் கம்பெனிக் கடையில்தான் செலவழித்தாக வேண்டும். மேட்டில் முதலாளிக்கு மாளிகை. அவர் அங்கே தங்கியதோ எப்போதாவதுதான். தொழிலாளிக்குப் பல் ஆடி விழும், வாயில் உமிழ்நீர் வழியும், கை நடுங்கும்: பாதரச விஷம். உலைக்கு விறகு வேண்டும் என்று ஓடையோரக் காட்டன்வுட் மரங்களை மொட்டையடித்தார்கள். வேர் போனது, கரை அரிந்தது, வெள்ளம் மேல்மண்ணைக் கொண்டுபோனது. இன்று அந்த ஓடையைப் பார்க்கிறவர் இது இயற்கையாகவே வறண்ட இடம் என்று நினைத்துக்கொள்வார். சுற்றிலும் இருக்கும் எல்லா இடிபாடுகளையும்விடப் பெரிய இடிபாடு அந்த ஓடைதான்.

1942-இல் கம்பெனி திவாலானது. உலகமே இன்னொரு போருக்குப் பாதரசம் கேட்ட நேரத்தில்! தாது நரம்பு தீர்ந்திருந்தது, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. ஆட்கள் மூட்டை கட்டினார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் தொடர்ந்து ‘குடியிருப்பு’. ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தோர் நாளன்று மெழுகுவத்தியும் காகிதப் பூவுமாக நிறைகிறது. 1967-இல் தொடங்கிய மிளகாய்க் குழம்புச் சமையல் போட்டிதான் ஊருக்கு மறுபடி பேர் வாங்கித் தந்தது. இப்போது அந்தக் கூரையில்லா வீடுகள் சிலவற்றுக்குக் கூரை போட்டு இரவு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வாடகை பழைய சுரங்கத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம்.

பூங்காவுக்குள் இருந்த ஊர்கள்

டெர்லிங்குவாவுக்குக் கிழக்கே பிக் பெண்ட் தேசியப் பூங்கா. 1944 ஜூன் 12-இல் பிறந்தது, 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நீண்ட விடுமுறையில் பத்து மணி நேரம் வண்டி ஓட்டி இங்கே போய் சாண்டா எலெனா பள்ளத்தாக்கின் 450 மீட்டர்ச் சுவருக்கு அடியில் நின்று படம் அனுப்புவார்கள். படத்தில் தெரியாதது: இது ஆளில்லாக் காடாக இருந்ததில்லை. ஆற்றோரமெங்கும் பருத்தியும் சோளமும் பயிரிட்ட குடும்பங்கள் இருந்தன. மாநிலம் நிலத்தை விலைக்கு வாங்கியது, அவர்கள் போனார்கள், ‘இயற்கையான’ தோற்றம் வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் பல வீடுகளைத் தானே இடித்தது. இடிபாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்ற ஞானம் பிறகுதான் வந்தது.

அப்படி மிஞ்சிய இடங்களில் ஒன்று காஸ்டலோன். ராணுவத்துக்காகக் கட்டிய பாசறையில் லா ஹார்மோனியா என்ற கடை நாற்பது ஆண்டு நடந்தது. இரு கரைக்காரர்களும் சாமான் வாங்கிய கடை. 2019 மே மாதம் மெக்சிகோ கரையில் பற்றிய தீ, காற்றோடு ஆற்றைத் தாண்டியது. ஒரு பொறி அந்தப் பழைய கட்டடத்தில் விழுந்தது. கடை எரிந்து சுவர்கள் மட்டும் நின்றன. பூங்காவில் தீயணைக்க ‘லோஸ் தியாப்லோஸ்’, அதாவது ‘சாத்தான்கள்’, என்றொரு படை உண்டு. 1990 வாக்கில் தொடங்கியது. ஆட்கள் அக்கரை மெக்சிகோ கிராமத்தவர்கள். ஆற்றைக் கடப்பது மற்றவர்களுக்குக் குற்றமாக இருந்த ஆண்டுகளிலும் தீப்பிடித்தால் இவர்கள் கடந்து வரலாம், வந்து அமெரிக்கக் காட்டை அணைக்கலாம்.

கள்ளி மெழுகு

இந்தக் கரையின் தொழில்களில் எனக்கு மிகவும் பிடித்தது கண்டெலியா மெழுகு. இலையே இல்லாமல் பென்சில் கனத்தில் குச்சி குச்சியாக நிற்கும் செடி. நம் வேலியோரத் திருகுக்கள்ளியின் நெருங்கிய சொந்தம். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க உடம்பெல்லாம் மெழுகு பூசிக்கொள்கிறது. வேரோடு பிடுங்கிக் கழுதையில் ஏற்றி வந்து, பெரிய இரும்புத் தொட்டியில் கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் வேகவைத்தால் மெழுகு நுரையாக மேலே வரும். வழித்து எடுத்து ஆறவைத்தால் பழுப்புக் கட்டி. வெந்த செடியே அடுத்த தொட்டிக்கு விறகு. உதட்டுச் சாயம், சூயிங்கம், பளபளப்புப் பூச்சு எல்லாவற்றிலும் அது உண்டு.

மெக்சிகோ அரசு மெழுகை அரசு வங்கி வழியாகத்தான் விற்க வேண்டும் என்று விலையைக் கட்டிப் போட்டது. டெக்சாஸில் விலை கூடுதல். அமெரிக்கா உள்ளே வரும் மெழுகைத் தடுக்கவும் இல்லை. அதனால் இரவில் கழுதைகள் வரிசையாக ஆற்றில் இறங்கின: இக்கரை ஏறும்வரை கடத்தல், ஏறியபின் வியாபாரம். பல பத்தாண்டுகள் இப்படியே நடந்தது. தொட்டிகளின் துருப்பிடித்த மிச்சம் ஆற்றோரத்தில் இன்றும் கிடக்கிறது.

கிளென் ஸ்பிரிங்ஸில் இதற்கென ஆலையே இருந்தது. 1916 மே 5 இரவு மெக்சிகோவிலிருந்து வந்த கூட்டம் அதைத் தாக்கியது. மூன்று சிப்பாய்களும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். அதிபர் வில்சன் எல்லை மாநிலங்களின் காவல் படைகளை வரவழைத்தார். எல்லைக் கரையில் நிரந்தரமாகத் துப்பாக்கி வந்து குடியேறியது ஏறத்தாழ அந்த வாரத்தில்தான்.

போகியாஸ்

பூங்காவின் கிழக்கு ஓரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகியாஸ் தெல் கார்மென். சுரங்க ஊராகப் பிறந்தது. 1909 முதல் பத்து ஆண்டுகள் ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் கலந்த தாது, 10 கிலோமீட்டர் இரும்பு வடத்தில் தொங்கிய தொட்டிகளில் ஆற்றின் தலைக்கு மேல் எல்லை தாண்டி டெக்சாஸ் வந்தது. மரக் கோபுரங்கள் இன்னும் சாய்ந்து கிடக்கின்றன. சுரங்கம் முடிந்தபின் ஊரைக் காத்தது படகு. பூங்காவுக்கு வந்தவர்கள் ஒரு டாலர் இரண்டு டாலர் கொடுத்து அக்கரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஊர்க்காரர்கள் இக்கரைக் கடையில் மாவும் பெட்ரோலும் வாங்கிப் போவார்கள். ஒருவரும் முத்திரை குத்தியதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு கேட்டார்கள். 2002 மே மாதம் சோதனையில்லாத இந்தப் படகுத் துறைகள் எல்லாம் மூடப்பட்டன: லஹிடாஸ், சாண்டா எலெனா, போகியாஸ். பத்து நிமிடத்தில் போன கடைக்குப் பதில் மெக்சிகோவுக்குள்ளேயே கரடுமுரடான பாதையில் முஸ்கிஸ் நகர் வரை 250 கிலோமீட்டர். சுமார் 300 பேர் இருந்த போகியாஸ் நூற்றுச் சில்லறையாகச் சுருங்கியது. லஹிடாஸுக்கு எதிரே இருந்த பாஸோ லஹிடாஸ் காலியே ஆகிவிட்டது. 1916-இல் துப்பாக்கியால் முடியாததை 2002-இல் ஒரு சுற்றறிக்கை செய்து முடித்தது.

மிஞ்சியவர்கள் கம்பியை வளைத்துத் தேளும் பறவையும் செய்து, துணியில் பூவேலை செய்து, ஆற்றைக் கடந்து இக்கரைப் பாறைமேல் பரப்பி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். விலைச் சீட்டு ஒன்று, காசு போட ஒரு டப்பா. அக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வாங்குவது கடத்தல் பொருள் வாங்குவதாகும் என்று பூங்கா எச்சரிக்கிறது, பறிமுதலும் உண்டு. பொருளும் கையும் அதே. ஆற்றின் எந்தப் பக்கம் நின்று வாங்குகிறோம் என்பதில்தான் குற்றம்.

2013 ஏப்ரலில் துறை மறுபடி திறந்தது, ஆளில்லாத சோதனைச் சாவடியாக. படகில் போய், கழுதையிலோ நடந்தோ ஊருக்குள் ஏறி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஓர் இயந்திரத்தின் முன் கடவுச்சீட்டை வைத்துத் தொலைபேசியை எடுத்தால், 400 கிலோமீட்டருக்கு அப்பால் எல் பாஸோவில் இருக்கும் அதிகாரி கேமரா வழியாக முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார். 2015 வாக்கில் சூரிய மின்சாரம் வந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள், புதுச் சுவர்கள் எழும்பின. 2020 மார்ச்சில் தொற்று வந்ததும் மறுபடி மூடல்; 2021 நவம்பரில்தான் மறுபடி படகு. இப்போதும் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. தொலைபேசி சிக்னலை நம்ப வேண்டாம். தண்ணீரும் பெட்ரோலும் கையிருப்பில் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. 1909-இல் மலேரியாவோடு வந்த லாங்ஃபோர்ட் என்பவர் குளியல் தொட்டி கட்டி, கடையும் தபால் நிலையமும் நடத்திய இடம். 40 பாகைத் தண்ணீர் இன்றும் ஆற்றோரத் தொட்டியில் நிரம்புகிறது. சுரங்கம், கடை, வயல் எல்லாம் போன இந்தக் கரையில் 1909-இல் செய்த வேலையையே இன்றும் செய்துகொண்டிருப்பது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

பூங்காவைத் தாண்டிக் கீழே லா லிண்டா. அங்கே இருப்பதை இடிபாடு என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் பாலம் உறுதியாகத்தான் தெரிகிறது. மெக்சிகோ பக்கத்துச் சுரங்கத்திலிருந்து ஃபுளோர்ஸ்பார் தாதுவை லாரியில் கொண்டுவர டோ கெமிக்கல் கம்பெனி 1964-இல் கட்டியது. சுரங்கம் மூடியது, தொழிலாளர் குடியிருப்பு காலியானது, அவர்களுக்காக எழுப்பிய தேவாலயம் மட்டும் நிற்கிறது. 1997-இல் கடத்தலைக் காரணம் காட்டிப் பாலத்துக்குக் கான்கிரீட் தடுப்பு போட்டார்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சும் திறக்க வேண்டும் என்ற மனுவும் அன்றிலிருந்து மாறி மாறி வருகின்றன. திறக்கச் சொல்பவர்கள் வைக்கும் வாதம் ஒரு வரிதான்: பிரெசிடியோவுக்குக் கீழே அமிஸ்டாட் அணை வரைக்கும் வண்டி தாண்ட இதைத் தவிர வேறு பாலமே கிடையாது.